வைடல் என்பது ஒரு மனிதரின் பெயர்

மழைக்காலம் பிறந்து மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கினால், வகுப்பில் காலியிடங்கள் தெரியத் தொடங்கும். காய்ச்சல் என்று விடுப்பு விண்ணப்பம் வரும். சில பெற்றோர் அதனுடன் ஆய்வுக்கூடச் சீட்டையும் இணைத்து அனுப்புவர். அச்சீட்டில் வைடல் என்றொரு சொல்லும், அதன் எதிரே பாசிட்டிவ் என்றொரு சொல்லும் இருக்கும். வைடல் என்பது நோயின் பெயர் என்றே நம்முள் பலர் நெடுநாள் எண்ணியிருந்தோம். அதை மருந்தின் பெயர் என்று சாதித்தவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். பிரெஞ்சுக்காரர் அதை விடால் என்று ஒலிப்பர். டைபாயிடு காய்ச்சலுக்குக் கிருமியை வளர்க்காமலே விரைவில் விடை சொல்லும் சோதனையை உலகிற்குத் தந்த அந்தப் பெர்னான் விடாலின் வாழ்க்கையையும், அவருடைய சோதனை ஊரின் நோய்க் கண்காணிப்பிற்குச் செய்த நன்மையையும், பின்னாளில் அதனால் நேர்ந்த குறையையும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

விடால் 1862ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள், வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவின் கடற்கரை ஊராகிய டெல்லிஸில் பிறந்தார். அந்நாட்டைப் பிரான்சு ஆண்டுகொண்டிருந்த காலம் அது. யூதக் குடும்பம், தந்தை படை மருத்துவர். மகனும் தந்தை வழியே மருத்துவம் பயிலப் பாரிஸ் நகருக்குச் சென்றார். அவர் அங்கு மாணவராக இருந்த ஆண்டுகள் மருத்துவ வரலாற்றில் பரபரப்பான ஆண்டுகள். லூயி பாஸ்டர் 1885இல் வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டுச் சிறுவனைக் காத்தார். ஜெர்மனியில் இராபர்ட் காக் ஒவ்வொரு நோய்க்கும் உரிய கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டும் கலையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். டைபாயிடின் கிருமியை 1880இல் எபர்ட் கண்டார். 1884இல் காஃப்கி அதைத் தனியே வளர்த்துக் காட்டினார்.

அந்நாளைய டைபாயிடு எப்படிப்பட்டது என்பதை இக்காலச் சிறுமியர் எண்ணிப் பார்ப்பது கடினம். மூன்று நான்கு வாரம் விடாத காய்ச்சல், பிதற்றல், குடலில் புண், சிலருக்குக் குடல் துளைபட்டு மரணம். மருந்து என்று ஒன்று கிடையாது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் மட்டும் ஆங்கிலேயப் படைவீரர் 8,000 பேருக்கு மேல் இக்காய்ச்சலால் மாண்டனர்.

இளைஞர் விடால் முதலில் கிருமியை வளர்ப்பவராகவே தம் பணியைத் தொடங்கினார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1888இல் ஆந்திரே சாந்தமெஸ் என்னும் மூத்த மருத்துவருடன் சேர்ந்து டைபாயிடு கிருமியை வளர்த்து, வெப்பத்தால் கொன்று, எலிகளுக்குச் செலுத்தி, அவை நோயைத் தாங்கும் ஆற்றல் பெறுவதைக் காட்டினார். மறு ஆண்டு அவர் டாக்டர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள், பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்மாரைக் கொன்றுவந்த பிரசவக் காய்ச்சல்.

இனி 1896ஆம் ஆண்டிற்கு வருவோம். மருத்துவமனைக்கு ஒருவர் காய்ச்சலோடு வருகிறார். அது டைபாயிடா, மலேரியாவா, காசநோயின் தொடக்கமா? உறுதி செய்ய வழி என்ன? மலத்தில் கிருமியைத் தேடினால், அதே தோற்றமுடைய தீங்கற்ற குடற்கிருமிகள் கோடிக்கணக்கில் கிடக்கும். மண்ணீரலில் ஊசி குத்தி எடுத்துப் பார்ப்பதும் உண்டு. அதில் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. ஆகவே பெரும்பாலான மருத்துவர்கள் நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் மாக்ஸ் குரூபர் என்னும் பேராசிரியரும் ஹெர்பர்ட் டர்ஹாம் என்னும் ஆங்கில மாணவரும் ஒரு புதுமையைக் கண்டிருந்தார்கள். ஒரு கிருமிக்கு எதிர்ப்பு பெற்ற விலங்கின் இரத்தத் தெளிநீரை அதே கிருமியோடு கலந்தால், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் திரளும். இன்ன கிருமி என்று கண்டுபிடிக்க அவர்கள் அதைப் பயன்படுத்தினர். விடால் அதைத் தலைகீழாகத் திருப்பினார். கிருமி தெரிந்தது, நோயாளியின் இரத்தம் தெரியாதது. தெரிந்த கிருமியை வைத்துத் தெரியாத இரத்தத்தைச் சோதித்தால் என்ன? எதிர்ப்பாற்றல் நோய் தீர்ந்த பிறகே வரும் என்று கருதப்பட்ட காலத்தில், நோய் நடந்துகொண்டிருக்கும்போதே இத்திரட்சி தோன்றுவதை அவர் கண்டார். 1896 ஜூன் 26ஆம் நாள் பாரிஸ் மருத்துவமனைகளின் மருத்துவர் சங்கத்தில் அதனை அறிவித்தார். குரூபரின் கூடத்திலும் அதே முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவர்களுக்குப் போதிய நோயாளிகள் கிடைக்கவில்லை. யார் முதல்வர் என்ற வழக்கு பல்லாண்டு நீடித்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் குரூபர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். நமக்கு அதில் வழக்கில்லை.

ஒரு சொட்டு இரத்தமும் ஒரு நுண்நோக்கியும் போதும். சிறிது நேரத்தில் விடை கிடைக்கும். மருத்துவ உலகம் அதை அள்ளிக்கொண்டது இயல்பே. ஆனால் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி அடுத்து நடந்தது. கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில் வயட் ஜான்ஸ்டன் என்னும் கிருமியியல் அறிஞர், கியூபெக் மாகாண சுகாதார வாரியத்தில் பணியாற்றியவர், அதே ஆண்டில் ஓர் எளிய வழி கண்டார். நோயாளியின் இரத்தச் சொட்டைக் காகிதத்தில் உலரவைத்து உறையிலிட்டுத் தபாலில் அனுப்பினாலே போதும். நீர்விட்டுக் கரைத்து விடால் சோதனை செய்துவிடலாம். எங்கோ பனி மூடிய சிற்றூரில் இருக்கும் மருத்துவர் அஞ்சல் தலை ஒட்டி அனுப்புகிறார். நகரத்துச் சுகாதாரக் கூடம் விடை எழுதுகிறது. அவ்விடையோடு, எந்த ஊரிலிருந்து எத்தனை உறை வந்தது என்னும் கணக்கும் அங்கே சேர்ந்துவிடுகிறது! நோயைச் சோதிக்கும் கருவி, நோய் இருக்குமிடத்தைக் காட்டும் கருவியாகவும் ஆயிற்று.

இன்னொரு பயனும் விளைந்தது. 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரின்போது அமெரிக்கப் படை முகாம்களில் காய்ச்சல் பரவிற்று. முகாம் மருத்துவர்கள் பலர் மலேரியா என்று எழுதிவைத்திருந்தனர். வால்டர் ரீடு தலைமையில் சென்ற குழு நோயாளிகளின் இரத்தத்தை நுண்நோக்கியிலும் விடால் சோதனையிலும் ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பகுதி டைபாயிடே என்று காட்டிற்று. மலேரியா என்று எண்ணியிருந்த இடத்தில் கழிப்பிடமும் ஈயும் அழுக்குக் கையும் குற்றவாளிகளாக வந்து நின்றன. பதிவேட்டில் நோயின் பெயர் தவறாக இருந்தால், துப்புரவுப் பணியும் தவறான திசையிலேயே போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆயினும் அதே 1896இல், அதே பாரிஸில், விடாலின் சமகாலத்தவராகிய அஷார், பென்சோத் என்னும் இருவர் டைபாயிடு போலவே தோன்றிய நோயாளிகளிடமிருந்து கிருமியை எடுத்து வளர்த்தனர். வளர்ந்தது டைபாயிடு கிருமி அன்று; அதன் தங்கை போன்ற வேறொன்று. அதற்குப் பாராடைபாயிடு என்று பெயரிட்டனர். வளர்த்துப் பார்த்ததனாலேயே புதியதொரு கிருமி அகப்பட்டது. தெரிந்த கிருமியைக் கொண்டு செய்யும் சோதனை, தெரிந்ததைத்தான் காட்டும். இதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

விடால் இந்த ஒரு சோதனையோடு நின்றுவிட்டவர் அல்லர். 1900இல் நுரையீரலைச் சூழ்ந்து கோக்கும் நீரில் உள்ள உயிரணுக்களை எண்ணி நோயறியும் முறையை வகுத்தார். 1903இல், சிறுநீரக நோயால் உடல் வீங்கியவர்களை நாள்தோறும் எடைபோட்டு, உப்பிட்ட உணவும் உப்பிடாத உணவும் மாற்றி மாற்றிக் கொடுத்து, வீக்கத்திற்குக் காரணம் உப்பே என்று மெய்ப்பித்தார். வீட்டுப் பெரியவர்கள் ஊறுகாய்ப் பாட்டிலை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் தள்ளிவைக்கும்போது, அவர்கள் விடாலின் சொற்படிதான் நடக்கிறார்கள்! இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் காமாலை ஒன்றையும், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களின் ஆஸ்துமாவையும் அவர் விளக்கியதுண்டு. பாரிஸின் கோஷான் மருத்துவமனையில் அவருடைய வகுப்புகள் புகழ்பெற்றவை.

முதல் உலகப் போர் வந்தது. 1914ஆம் ஆண்டின் இறுதியில் பதுங்குகுழிகளில் பிரெஞ்சு வீரர்கள் பல்லாயிரவர் டைபாயிடாலும் பாராடைபாயிடாலும் வீழ்ந்தனர். எலிகளில் கண்டதை விடால் இப்போது மனிதருக்குக் கொண்டுவந்தார். டைபாயிடுக்கும் இருவகைப் பாராடைபாயிடுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகத் தடுப்பு மருந்து செய்யப் பாடுபட்டார். ஊசி பரவப் பரவ நோய் தணிந்தது. ஆனால் இங்கே விதியின் ஒரு சிறு விளையாட்டைக் கவனியுங்கள். தடுப்பூசி போட்ட வீரனின் இரத்தத்திலும் கிருமி திரளத்தான் செய்யும். அவன் வேறெந்தக் காய்ச்சலோடு வந்தாலும் விடால் சோதனை ஆம் என்று சொல்லக்கூடும். விடாலின் ஊசி விடாலின் சோதனையைக் கெடுத்தது. உறுதியான விடை வேண்டுமானால் இரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்தெடுக்க வேண்டியதாயிற்று.

1919இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. 1929 ஜனவரி 14ஆம் நாள் பாரிஸில் அவர் காலமானார். அப்போது வயது அறுபத்தாறு.

அவர் மறைந்து 19 ஆண்டுகள் கழித்து, 1948இல், குளோராம்பெனிக்கால் என்னும் மருந்து டைபாயிடுக்கு வந்தது. நான்கு வாரக் காய்ச்சல் நான்கைந்து நாளில் இறங்கிற்று. நம் கருத்தில், விடாலின் சோதனையினுடைய கதை திரும்பும் இடம் இதுதான். அவர் காலத்தில் இரத்தத்தைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இது டைபாயிடா? ஆம் என்றால் நோயாளியைத் தனியே வைப்பர், துணியை வேகவைப்பர், கிணற்றை ஆராய்வர். மருந்து வந்தபின் இரண்டாவது கேள்வி பிறந்தது: இந்தக் கிருமி எந்த மருந்துக்குச் சாகும்? திரண்ட கட்டியைப் பார்த்து அதற்கு விடை சொல்ல இயலாது. கிருமி கையில் இருக்க வேண்டும்.

நம் அண்டை மாநிலத்தில் 1972இல் நடந்ததைப் பாருங்கள். கோழிக்கோட்டில் டைபாயிடு பரவியது. பல நோயாளிகளுக்குக் குளோராம்பெனிக்கால் கேட்கவில்லை. அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் பணிக்கர், விமலா என்னும் இருவர் கிருமியை வளர்த்து, அம்மருந்து அதனை ஒன்றும் செய்யவில்லை என்பதையும், அந்த எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பதையும் கண்டு உலகிற்கு அறிவித்தனர். கோழிக்கோட்டில் எல்லாரும் சீட்டில் பாசிட்டிவ் என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை பிள்ளைகள் பயனற்ற மருந்தை விழுங்கிக்கொண்டே இருந்திருப்பர்! 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில், பல மருந்துகளுக்கும் அடங்காத டைபாயிடு கிளம்பியதும் வளர்ப்புச் சோதனையாலேயே தெரியவந்தது. அதைக் கண்டதனால்தான் அந்நாடு 2019இல் புதிய டைபாயிடு தடுப்பூசியைத் தேசிய ஊசித் திட்டத்தில் சேர்த்தது. உலகில் முதலாவதாகச் சேர்த்த நாடும் அதுவே.

நம் ஊரில் உள்ளோர்க்குச் சூளையைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். பீங்கான் சூளைக்குள் சிறு கூம்புகளை நிறுத்திவைப்பார்கள். வெப்பம் உரிய அளவை எட்டினால் கூம்பின் நுனி வளையும். எட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும். மிகப் பயனுள்ள பொருள். ஆனால் சூளையைத் திறந்தபின் பொம்மைகளெல்லாம் விரிசல் விட்டிருந்தால், கூம்பைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க முடியுமா? உடைந்த ஓட்டை எடுத்து, எந்த மண், எந்தக் கலவை என்று ஆராய வேண்டும். ஓட்டைக் குப்பையில் எறிந்துவிட்டால் அடுத்த சூளையும் அப்படித்தான். விடால் சோதனை கூம்பு. வளர்த்தெடுத்த கிருமி ஓடு.

பீங்கானைப் பற்றிச் சொன்னதால் மற்றொன்றும் சொல்லிவிடுகிறோம். விடால் மாணவராக இருந்த 1884ஆம் ஆண்டில், பாஸ்டரின் கூட்டாளி சார்லஸ் சாம்பர்லான் மெருகிடாத பீங்கான் குழாய் வழியே நீரை வடித்துக் கிருமிகளைத் தடுக்கும் வடிகட்டியை அமைத்தார். நம் வீட்டுத் தண்ணீர் பில்டரில் நிற்கும் வெள்ளைக் கேண்டிலுக்கு அது மூத்தது. டைபாயிடோடு மனிதன் நடத்திய போரில் களிமண்ணுக்கும் பங்குண்டு என்பதில் விருத்தாசலத்தார் பெருமை கொள்ளலாம்.

ஓட்டின் கதைக்குத் திரும்புவோம். விரைவுச் சோதனையால் கண்காணிப்பிற்கு நேரும் குறை இரண்டு. முதலாவது, எண்ணிக்கையே பிசகுகிறது. முன்பு டைபாயிடு வந்து போனவர், ஊசி போட்டுக்கொண்டவர், வேறு நோயால் காய்ச்சலுற்றவர் ஆகியோர் இரத்தத்திலும் ஓரளவு திரட்சி இருக்கும். எதிர்ப்பொருள் நன்கு ஊறுவதற்குக் காய்ச்சல் கண்டு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகவேண்டும். முறைப்படி, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை சோதித்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்தால்தான் நம்பலாம். காய்ச்சல் வந்த மறுநாளே ஒருமுறை பார்த்து ஆம் என்றும் இல்லை என்றும் எழுதினால், அந்தக் கணக்கைக் கொண்டு ஒரு தெருவின் குழாயைச் சந்தேகிப்பதா, மற்றொரு தெருவின் குழாயையா? இந்திய அரசு 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ், சுகாதாரப் பணியாளர் ஐயுற்றது, மருத்துவர் கருதியது, ஆய்வுக்கூடம் கண்டது என்று செய்திகளைத் தனித்தனியே திரட்டி வருவது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆய்வுக்கூடத்தின் சொல்லே உறுதியற்றதாயின் மூன்றாவது கட்டமும் இரண்டாவதைப் போன்றதே ஆகிவிடும்.

இரண்டாவது குறை, முன்னே சொன்னதுதான்: கிருமி கைக்கு வருவதில்லை. எந்த மருந்து கேட்கும், இரு ஊர்களில் பரவுவது ஒரே கிருமியா என்பவற்றைச் சொல்ல ஆளில்லை. செல்வ நாடுகளும் இதே சிக்கலில் உள்ளன. கிருமியின் மரபுப்பொருளைச் சில மணி நேரத்தில் கண்டுசொல்லும் புதிய சோதனைகள் அமெரிக்காவில் பெருகியபோது, உணவுநச்சுப் பரவலைத் தேடும் சுகாதாரத் துறையினர்க்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கிருமிகள் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே விரைவுச் சோதனையில் ஆம் என்று வந்த மாதிரியை மீண்டும் வளர்த்துப் பார்க்கும்படி அங்கே கேட்டுக்கொள்கின்றனர்.

வளர்ப்பின்றிச் செய்யும் சோதனை எல்லாமே குருடு என்று நாம் கூறவில்லை. காசநோய்க் கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையோ இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடுகிறது. வளர்ப்புச் சோதனையும் குற்றமற்றதன்று. டைபாயிடு உள்ள பத்துப் பேரின் இரத்தத்தை வளர்த்தால் ஏறக்குறைய ஆறு பேரிடமே கிருமி முளைக்கும். முன்னரே மருந்து சாப்பிட்டிருந்தால் அதுவும் குறையும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் பொறுமையோடு வளர்த்துப் பார்த்தவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று ஒருங்கிணைத்த ஆய்வில், 2017 முதல் 2020 வரை வேலூர், டெல்லி, கொல்கத்தா, புனே ஆகிய இடங்களில் 24,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, காய்ச்சல் நீடித்தவர்களின் இரத்தத்தை வளர்ப்புக்கு அனுப்பினர். 299 முறை டைபாயிடு கிருமி முளைத்தது. நகரப் பிள்ளைகளிடையே நோய் மிகுதி, புனே அருகிலுள்ள சிற்றூர்களில் மிகக் குறைவு என்ற வேறுபாடு அதனால் தெளிவாயிற்று. 2023இல் முடிவுகள் வெளிவந்தன. தடுப்பூசி எங்கே முதலில் தேவை என்று பேசுவோர்க்கு இந்த 299, பல இலட்சம் பாசிட்டிவ் சீட்டுகளைவிடப் பெறுமதியுடையது.

இக்கட்டுரைக்காக நாம் ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றிருந்தோம். அங்கிருந்த அண்ணன் சலித்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் காட்டினார். சிறு புட்டிகளில் நீலமும் சிவப்புமாய்ச் சாயமேற்றிய, இறந்த கிருமிகள். ஒரு கண்ணாடித் தகடு. ஒரு சொட்டு விட்டுக் குச்சியால் கலக்கி மெல்ல ஆட்டினார். ஒரு நிமிடத்திற்குள் நீலம் துகள் துகளாய்த் திரண்டது. 1896இல் பாரிஸில் விடால் கண்டதும் இதைத்தான் என்று எண்ணியபோது நமக்கு மெய்சிலிர்த்தது. வளர்ப்புச் சோதனை செய்வீர்களா என்று கேட்டோம். புட்டியில் இரத்தம் பிடித்து வெளியூருக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர நான்கைந்து நாளாகும், செலவும் கூட, கேட்பவர்கள் குறைவு என்றார். அவர்மேல் குற்றமில்லை. கூலி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு நான்கு நாள் என்பது நீண்ட காலம்.

விடைபெறுமுன் அன்றைய சீட்டுகளைப் பார்க்க அனுமதித்தார். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டார். டி.ஓ. ஒன்றுக்கு எண்பது, டி.எச். ஒன்றுக்கு நூற்றறுபது என்று அழகிய கையெழுத்தில் நிரப்பியிருந்தது. அதற்கு மேலே, காய்ச்சல் தொடங்கிய நாள் என்றொரு கட்டம் அச்சிடப்பட்டிருந்தது. நாம் பார்த்த ஏழு சீட்டுகளிலும் அது எழுதப்படாமல் இருந்தது.